தொக்கி நின்றதும் தொலைந்து போனதும்

கணினியோடு சேர்ந்த ஒவ்வோர் உறுப்புக்கும் 'டிரைவர்' என்னும் சிறு நிரல் ஒன்று தேவைப்படுகிறது. தமிழில் அதனை 'இயக்கி' என்று வழங்குகிறோம். கலைச்சொல் ஆக்கியோர் 'இயக்கு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயராகவே இதனைக் கொண்டிருப்பர். தென்மாவட்டத்துக்காரர்களாகிய எங்களுக்கோ அச்சொல் காதில் விழுந்ததும் வேறொன்று நினைவுக்கு வந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாதரி பால்மடை கொடுத்து வணங்கித் திரும்புவது மதுரைப் புறஞ்சேரியின் பூங்கண் இயக்கிக்குத்தான். கழுகுமலைப் பாறையில் சமணர் செதுக்கி வைத்தவளும் ஓர் இயக்கியே. அந்த இயக்கியே எங்கள் ஊர்ப்பக்கத்து இசக்கி ஆனாள் என்பர். இரு சொற்களுக்கும் பிறப்பு வேறு, ஒலி மட்டுமே ஒன்று. ஆயினும், கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, மனம் வைத்தால் காரியம் நடத்துவது, இல்லையேல் அனைத்தையும் முடக்குவது என்ற இயல்பு இரண்டுக்கும் பொது என்பதைச் சென்ற மார்கழியில் நாங்கள் கண்டுகொண்டோம்.

எங்கள் தமிழ்த்துறையில் ஆசிரியர் ஐவர். நாங்கள் அனைவரும் ஏட்டிலக்கியம் படித்தவர்கள். கணினியின் உள்விவகாரம் எவருக்கும் பாடமாக இருந்ததில்லை. அந்நிலையில் எங்கள் மேசைக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. அருகிலுள்ள ஊரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்து மறைந்த ஒருவர் 1978 முதல் 1993 வரை நடத்திய காலாண்டிதழின் தனிப் பிரதிகள் அதில் இருந்தன. முதல் சில ஆண்டுகள் சைக்ளோஸ்டைல், பின்னர் டிரெடில் அச்சு. நூலகம் எதிலும் இவ்விதழின் முழு வரிசையை நாங்கள் பார்த்ததில்லை. கொண்டுவந்து தந்த அவருடைய மகள் சொன்னது இவ்வளவுதான்: "சார், பொங்கல் கழிஞ்சு வீட்டைக் காலி பண்றோம். அதுக்குள்ள திருப்பித் தந்துருங்க. அட்டை எல்லாம் அப்பா கைப்படப் போட்டது."

கைபேசியால் படம் எடுத்துப் பார்த்தோம். சைக்ளோஸ்டைல் எழுத்து ஏற்கெனவே மங்கியது, தாளோ சுருண்டது. விளக்கொளி ஒரு பக்கம் விழ, மறுபக்கம் நிழல் தட்டியது. தாளைத் தட்டையாகப் படுக்க வைத்து ஒரே சீராக ஒளி பாய்ச்சும் ஸ்கேனர்தான் இதற்குரிய கருவி. துறையில் அப்படி ஒன்று இருந்தது. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்டது. ஆனால் விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, கண்ணாடியில் கீறல் இல்லை. இல்லாமற் போனது அதன் இயக்கி.

*

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதை ஒட்டி எங்கள் கல்லூரியில் பழைய கணினிகள் அகற்றப்பட்டு, விண்டோஸ் 11 இட்ட புதியவை வந்தன. பழைய பெட்டிகளைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து ஏற்றிச் சென்றுவிட்டார்கள். புதிய கணினியில் முதல்நாளே இணையம் வரவில்லை. ஸ்கேனரை இணைத்தபோதோ ஒரு சிறு மணியோசை கேட்டது; அடுத்த நொடி மறைவோசை கேட்டது; பின்னர் அரவமே இல்லை.

இத்தகைய வேளைகளில் நாடவேண்டிய இடம் 'டிவைஸ் மேனேஜர்' எனப்படும் சாதனப் பட்டியல். ஸ்டார்ட் பொத்தானின் மீது எலியின் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் நிரலில் அது இருக்கிறது. கணினியின் உறுப்புகள் அனைத்தும் அங்கே இனவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். சிக்கல் உள்ளவற்றின் அருகே மஞ்சள் நிற வியப்புக்குறி நிற்கும்; முடக்கி வைக்கப்பட்டவற்றின் மேல் கீழ்நோக்கிய அம்பு நிற்கும். பெயரின் மீது இருமுறை சொடுக்கினால் சிக்கலின் எண்ணும் தெரியும். எண் 28 என்றால் இயக்கி நிறுவப்படவில்லை. 22 என்றால் சாதனம் முடக்கி வைக்கப்பட்டுள்ளது. மீண்டும் இயங்கச் செய்தால் போதும். 10 என்றால் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே கோளாறு அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது. 45 என்றால் அச்சாதனம் இப்போது கணினியோடு இணைந்திருக்கவில்லை.

இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு தொடரில் ஓர் உறுப்பைக் காணோம் என்றால் அதற்கு இருவகைக் காரணம் உண்டு. 'பால் குடித்தான்' என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு கண்ணில் படுவதில்லை. அது தொக்கி நிற்கிறது. விரித்தால் 'பாலைக் குடித்தான்' என்று வெளிவருகிறது. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்களின் நிலை வேறு. எண்கள் மட்டும் இடம் பிடித்து நிற்க, பாடல்கள் கிடைக்கவேயில்லை. எவ்வளவு விரித்தாலும் அவ்விடத்தில் பாட்டு வராது. முன்னது மறைவு, பின்னது இழப்பு. கணினியில் பழுது பார்ப்பவர்களிற் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடுகிறார்கள். மறைந்திருப்பதற்கு இயக்கி தேடி நாள் முழுதும் இணையத்தில் அலைவதும், இயக்கி இல்லாததற்குக் கம்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதும் இதனால் நேர்பவை.

இணையம் வராமை எளிதில் தீர்ந்தது. பட்டியலில் 'வேறு சாதனங்கள்' என்ற தலைப்பின் கீழ் ஈதர்நெட் உறுப்பு மஞ்சள் குறியோடு இருந்தது, எண் 28. எனவே இழப்பு. இயக்கியை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு இயக்கி வேண்டும். இந்தச் சுழலிலிருந்து எங்களை விடுவித்தவர் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். தம் ஆண்டிராய்டு கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு பிணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தந்தார். அதற்கு வேண்டிய இயக்கி விண்டோஸோடு பிறவியிலேயே வருகிறதாம்.

அடுத்து அவர் காட்டிய இடம் எங்களுக்குப் புதிது. சாதனத்தின் பண்புகளில் 'டீடெயில்ஸ்' என்ற தாளைத் திறந்து, 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தெரிந்தெடுத்தால் ஒரு நீண்ட குறியீடு வருகிறது. பெயர் தெரியாத உறுப்பாயினும் தன் குலமும் கோத்திரமும் அதில் சொல்லிவிடுகிறது. பெட்டியின் உட்புறத்துப் பி.சி.ஐ. உறுப்புகளானால் முதல் நான்கு இலக்கம் ஆக்கிய நிறுவனத்தைக் குறிக்கும், அடுத்த நான்கு இலக்கம் உருப்படியைக் குறிக்கும். எங்கள் ஈதர்நெட்டின் நிறுவன எண் 8086. அது இன்டெல் நிறுவனத்துக்குரியது. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் எண்ணையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 1002 என்றிருந்தால் ஏ.எம்.டி.யின் வரைகலை உறுப்பு. யு.எஸ்.பி. சாதனங்களுக்கும் இவ்வாறே நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் உண்டு. கலப்பெயராலோ மேல்மூடியில் ஒட்டிய படத்தாலோ ஏமாறாமல் இந்த எண்ணைக் கொண்டு தேடுவதே முறை. பின்னர் விண்டோஸ் அப்டேட்டின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் 'விருப்பப் புதுப்பிப்புகள்' என்ற பகுதியில் இயக்கிகள் தனியே அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். ஒரு சொடுக்கில் ஈதர்நெட் உயிர் பெற்றது.

ஓர் எச்சரிக்கையும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. அந்த எண்ணை இட்டுத் தேடியவுடன் 'உங்கள் இயக்கி தயார்' என்று கூவும் தளங்கள் பல வரும். உறுப்பை ஆக்கிய நிறுவனத்தின் தளம், கணினியை விற்ற நிறுவனத்தின் தளம், விண்டோஸின் சொந்தப் புதுப்பிப்பு ஆகிய மூன்றையும் விட்டு அவற்றின் பக்கம் போகவேண்டியதில்லை. இயக்கிகளை மொத்தமாகத் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச நிரல்களிற் பல, வேண்டாத பிற நிரல்களையும் உடன் அழைத்து வருகின்றன. இயக்கி என்பது இயங்குதளத்தின் கருவறைவரை செல்ல உரிமை பெற்றது. ஊர் பேர் தெரியாதவரிடம் அச்சாவியைக் கொடுக்கலாகாது.

*

ஸ்கேனர் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. பட்டியலில் அது மஞ்சள் குறியோடும் இல்லை, குறியில்லாமலும் இல்லை. 'ஐயா, வியூவுல போய் ஹிடன் டிவைசஸ் காட்டச் சொல்லுங்க' என்றார் மாணவர். சொன்னோம். உடனே பட்டியல் இருமடங்காக நீண்டது. வெளிறிய சாம்பல் நிறத்தில் பல பெயர்கள் எழுந்தன. எங்கள் மாணவர்களின் கைபேசிகள், கருத்தரங்கில் பேச வந்த ஒருவரின் பென் டிரைவ், ஒரு நாள் மட்டும் இணைத்த புரொஜெக்டர் என, வந்து போன அனைவரையும் விண்டோஸ் நினைவில் வைத்திருந்தது. விண்டோஸ் 7 வரை இவ்வாறு இணைப்பற்றுப் போனவற்றைக் காண ஒரு சூழல் மாறியைத் தனியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின் வந்தவற்றில் இத்தெரிவு ஒன்றே போதும். அந்தச் சாம்பல் வரிசையின் கீழே எங்கள் ஸ்கேனரும் நின்றது. எண் 45.

ஒரு கணம் இணைந்து, தன் பெயரைச் சொல்லி, துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். இது மறைவு. இங்கே இயக்கி தேடிப் பயனில்லை. 'வயரை மாத்திப் பார்ப்போமா ஐயா?' என்றார் அவர். துறைத்தலைவர் அறையின் அச்சுப்பொறிக் கம்பியைக் கழற்றி வந்து மாட்டினோம். பெட்டியின் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் செருகினோம். சாம்பல் நிறம் நீங்கிப் பெயர் கறுத்துத் தெளிந்தது. கூடவே மஞ்சள் குறியும் வந்து அமர்ந்தது. எண் 28.

மறைவு விலகியதும் அதன் பின்னே இழப்பு நின்றுகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தமையால் முதலில் எதுவும் விளங்கவில்லை. எண்ணைக் கொண்டு தேடி, ஸ்கேனரை ஆக்கிய நிறுவனத்தின் தளத்தை அடைந்தோம். அங்கே அதன் இயக்கி இருந்தது, 32 பிட் விண்டோஸுக்கு மட்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டுக்கு எழுதிய சாதாரண நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஓர் இடைத்தளம் அமைத்து ஏற்றுக்கொள்கிறது. இயக்கிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. போதாததற்கு, 2007இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதற்கொண்டு, கருவுக்குள் நுழையும் இயக்கிகள் மின் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அவ்விதி பாதுகாப்புக்கானது, அதில் குறை காண இயலாது. ஆனால் பழைய சாதனத்துக்குப் புதிய இயக்கி எழுதிக் கையொப்பம் பெற்றுத் தர ஆக்கியோன் முன்வராவிட்டால், விளக்கும் மோட்டாரும் நலமாக உள்ள ஒரு கருவி ஒரு கோப்பு இல்லாததால் குப்பையாகிவிடுகிறது.

இயக்கி செய்யும் வேலை உரையாசிரியரின் வேலையை ஒத்தது. '300 புள்ளி அடர்த்தியில் இப்பக்கத்தைப் படித்துத் தா' என்று இயங்குதளம் கேட்கிறது. ஸ்கேனருக்கு அந்த மொழி தெரியாது. விளக்கை ஏற்று, மோட்டாரை இத்தனை அடி நகர்த்து, இந்த வரியின் ஒளியளவைச் சொல் என்பன போன்ற தனக்கே உரிய குறிகளைத்தான் அது அறியும். இரண்டுக்கும் இடையில் அமர்ந்து முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் விளக்குவது இயக்கி. உரை மறைந்தால் மூலம் ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தும் படிப்பாரற்றுக் கிடக்கும்.

இந்தக் கதைக்கு ஒரு பழைய முன்கதை உண்டு. 1980ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஒரு லேசர் அச்சுப்பொறி வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முந்தைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகுமாறு செய்திருந்தார். புதியதற்கும் அவ்வாறே செய்ய நினைத்தபோது அதன் நிரல் மூலம் கைக்கு வரவில்லை. அது வைத்திருந்த ஒருவரிடம் நேரில் சென்று கேட்டும், வெளியிடுவதில்லை என வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் ஒரு காரணமாக நின்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும் குனு நிரல்களும் சேர்ந்தே இன்று நாம் லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் இயங்குதளம் ஆயின. அச்சுப்பொறியில் சிக்கிய தாளிலிருந்து இவ்வளவு தொலைவு வந்திருக்கிறது.

எங்கள் மாணவர் அந்த வழியையே காட்டினார். லினக்ஸைச் சார்ந்த உலகில் 'சேன்' என்றொரு திட்டம் உண்டு. பலரும் ஒன்றுகூடி ஸ்கேனர்களின் மொழியைப் பயின்று, அவற்றுக்கான இயக்கிகளைத் திறந்த மூலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் எந்த உருப்படி எந்த அளவுக்கு இயங்கும் என்று அவர்கள் ஒரு நெடிய பட்டியலும் வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் ஸ்கேனரின் எண் அதில் இருந்தது. நேராக 'முழுமை' என்ற குறிப்பும் இருந்தது. ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கினோம். கணினியின் வன்தட்டில் ஒன்றையும் நிறுவவில்லை; விண்டோஸ் தீண்டப்படாமல் உறங்கிக்கொண்டிருந்தது. உடன் வந்த ஸ்கேன் நிரலைத் திறந்து பொத்தானை அழுத்தினோம்.

பச்சை வெள்ளையாக ஓர் ஒளி கண்ணாடியின் அடியில் மெல்ல ஊர்ந்தது. அதே கணினி, அதே ஸ்கேனர், அதே கம்பி. ஒரு தளம் பெயர் தெரியாத சாதனம் என்றதை இன்னொரு தளம் பெயர் சொல்லி அழைத்தது. அறையில் இருந்த நாங்கள் ஐவரும் மாணவர்களும் சற்று நேரம் அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணாடியில் இருந்தது 1978ஆம் ஆண்டின் முதல் இதழ்.

*

அன்றிலிருந்து பொங்கல் விடுமுறைவரை மாலைதோறும் வேலை நடந்தது. 300 புள்ளி அடர்த்தியில் ஏ4 அளவுப் பக்கம் ஒன்று ஏறத்தாழ 2480க்கு 3508 புள்ளிகள் கொண்ட படமாகும். மங்கிய சைக்ளோஸ்டைல் பக்கங்களை மட்டும் 600இல் எடுத்தோம். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் மெலிந்த எழுத்து உதிர்ந்துவிடுகிறது என்று கண்டு, சாம்பல் நிறத்தில் வைத்துக்கொண்டோம். தாளை ஒருவர் வைக்க, ஒருவர் பொத்தானை அழுத்த, ஒருவர் கோப்புக்குப் பெயரிட, மாணவர்கள் முறைவைத்து அமர்ந்தார்கள். இடையிடையே வாசிப்பும் நடந்தது. கல்லூரிப் பாடத்தில் இடம்பெறாத கவிஞர்கள், ஒரே ஒரு கதை எழுதி நின்றுவிட்டவர்கள், சந்தா அனுப்பாதவர்களுக்கு ஆசிரியர் விடுத்த மென்மையான வேண்டுகோள்கள் ஆகிய எல்லாம் கண்ணாடியில் கவிழ்ந்து நிமிர்ந்தன.

சொன்ன நாளில் பெட்டியைத் திருப்பித் தந்தோம். படங்களை இரு தனித்தனி வன்தட்டுகளில் இட்டு, ஒன்றை அந்த அம்மையாரிடம் சேர்த்தோம்.

இனி வருவோர்க்காகத் துறை அலமாரியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஸ்கேனரின் நிறுவன எண், பொருள் எண், அதற்கு இசைந்த லினக்ஸ் பதிப்பின் பெயர், பென் டிரைவ் இருக்கும் இழுப்பறை ஆகியவை அதில் உள்ளன. புதிய கணினியின் இயக்கிகளையும் விண்டோஸோடு வரும் 'பி.என்.பி.யூட்டில்' என்னும் கட்டளையால் ஒரு கோப்புறையில் படியெடுத்து வைத்தோம். ஒரு நாள் விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால், இணையம் வருமுன்பே ஈதர்நெட்டுக்கு உயிர் கொடுக்க அது போதும். கணினி நலமாக இருக்கும்போதே இதனைச் செய்துவைப்பது நல்லது. ஏழெட்டு நிமிடம்கூட ஆகாது.

இதழ்களின் அட்டவணையைச் செய்து முடித்தபோது, வரிசையில் 63 எண்கள் இருக்க, பெட்டியில் 61 இதழ்களே இருந்தது தெரிந்தது. 22, 23ஆம் இதழ்கள் இல்லை. அவை வெளிவந்தவை என்பதற்கு 24ஆம் இதழின் வாசகர் கடிதங்கள் சான்று. அட்டவணையில் அவ்விரு எண்களையும் நீக்கி வரிசையைச் சுருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்கள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. எதிரே 'இல்லை' என்று எழுதாமல், 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறோம். 1983ஆம் ஆண்டில் அவ்விதழுக்குச் சந்தா கட்டிய யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் அவை இன்னும் இருக்கக்கூடும். ஸ்கேனர் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறது.